பெரட்டுக்கு வந்தவர் பேர் எங்கே போனது?

கணினிக் கேள்வி–பதில்: சுங்கை சிப்புட்டிலிருந்து அக்கா

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறையைச் சொல்கின்றன. ரூபி ஆன் ரெயில்ஸில் (ரூபி மொழியில் வலைச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிய செயலி; பதிவு செய்தது நிற்கவில்லை, அல்லது நிற்கக் கூடாதது நின்றுவிட்டது. அதனால் பிரிண்டர், கைப்பேசிக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

இந்தத் துறையில் இல்லாதவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்காக இரண்டு சொல். வேலிடேஷன் என்பது ஒரு பதிவைத் தரவுத்தளத்துக்குள் விடலாமா என்று பார்க்கும் சரிபார்ப்பு. கால்பேக் என்பது அந்தப் பதிவு உள்ளே போகுமுன்னும் போனபின்னும் தானாக ஓடும் வேலை. இரண்டும் மாடல் என்கிற ஒரே கோப்பில் இருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: அக்கா, நான் தைப்பிங்கில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். செம்பனைத் தோட்டங்களுக்கு வருகைப் பதிவுச் செயலி செய்து கொடுத்திருக்கிறோம். காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) மண்டோர் (மேற்பார்வையாளர்) கைப்பேசியில் ஆட்களின் பெயரைத் தட்டுகிறார். ‘பதிவு சேமிக்கப்பட்டது’ என்று பச்சையில் வருகிறது. மதியம் கிராணி (தோட்ட எழுத்தர்) செக்ரோலைத் (வருகை, கூலிப் பதிவேடு) திறந்தால் பலருக்குப் பேர் இல்லை. சிலருக்கு மட்டும் இருக்கிறது. நான் அலுவலகத்தில் 10 மணிக்குச் சோதித்தால் எல்லாம் சரியாகப் பதிவாகிறது. மாடலில் 11 கால்பேக்குகள் உள்ளன. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இவற்றில் எது பதிவை அழிக்கிறது என்று இரண்டு வாரமாகத் தேடுகிறேன். மாடல் கோப்பை இணைத்துள்ளேன்.

பதில்: தம்பி, எதுவும் எந்தப் பதிவையும் அழிக்கவில்லை. அந்தப் பதிவுகள் உள்ளே போகவே இல்லை. ‘போனது அழிந்தது’ என்று நினைத்துத் தேடினால் பதினொன்றையும் புரட்டத்தான் வேண்டியிருக்கும். ‘வாசலிலேயே நின்றுவிட்டது’ என்று எடுத்துக்கொண்டால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

முதலில் அந்தப் பச்சை எழுத்தைப் பார்ப்போம். ரெயில்ஸில் ‘சேவ்’ என்று கூப்பிட்டால் சேமிக்க முடிந்தால் ‘ட்ரூ’, முடியாவிட்டால் ‘ஃபால்ஸ்’ என்று மட்டும் பதில் வரும். பிழை எதுவும் வெடிக்காது. உங்கள் கன்ட்ரோலர் (திரையிலிருந்து வரும் கோரிக்கையைக் கையாளும் நிரல்) அந்தப் பதிலை வாங்கிப் பார்க்காமலே ‘சேமிக்கப்பட்டது’ என்று எழுதிவிடுகிறது. அங்கே ‘இஃப்’ போட்டு, ஃபால்ஸ் வந்தால் காரணத்தைச் சிவப்பில் மண்டோருக்குக் காட்டுங்கள். அது இருந்திருந்தால் முதல் நாள் காலையிலேயே அவர் உங்களைக் கூப்பிட்டிருப்பார்.

அடுத்தது, எந்த வாசல் என்று கண்டுபிடிப்பது. தரவுத்தளத்தின் நகல் ஒன்றை வைத்து ரெயில்ஸ் கன்சோலை (கட்டளை தட்டிச் செயலியோடு பேசும் திரை) ‘சேண்ட்பாக்ஸ்’ முறையில் திறங்கள். வெளியே வரும்போது செய்த மாற்றமெல்லாம் பின்வாங்கிவிடும். மண்டோர் தட்டியது போலவே ஒரு வருகைப் பதிவை உருவாக்கி, ஆச்சரியக்குறி போட்ட ‘சேவ்!’ஐக் கூப்பிடுங்கள். இது வாயை மூடிக்கொண்டு இருக்காது. ‘ரெக்கார்ட் இன்வேலிட்’ என்று வெடித்தால் நிறுத்தியது ஒரு சரிபார்ப்பு, ‘எரர்ஸ்.ஃபுல்_மெசேஜஸ்’ கேட்டால் எதுவென்று சொல்லும். ‘ரெக்கார்ட் நாட் சேவ்ட்’ என்று வெடித்தால் நிறுத்தியது ஒரு கால்பேக். பிழையின் பெயரைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. பலர் அதைப் படிக்காமல் கூகுளுக்கு ஓடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் இதைவிடப் பெரிய துப்பு இருக்கிறது. காலைப் பெரட்டில் விழாதது 10 மணிக்கு விழுகிறது. நேரம் மாறினால் விளைவு மாறுகிறது என்றால், முதலில் பிடிக்க வேண்டியது நேரத்தை. நீங்கள் அனுப்பிய கோப்பில் மூன்றாவது சரிபார்ப்பைப் பாருங்கள்: வருகைத் தேதி எதிர்காலத் தேதியாக இருக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் அது இன்றைய தேதியை ‘டேட்.டுடே’ என்று கேட்கிறது. ‘டேட்.டுடே’ ரூபி மொழியுடையது. அது ஓடுகிற இயந்திரத்தின் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும். உங்கள் செர்வர் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடுகிறது. நாம் யூடிசிக்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே செவ்வாய்க்கிழமை காலை 6 மணி என்றால் செர்வருக்குத் திங்கட்கிழமை இரவு 10 மணி. மண்டோர் செவ்வாய்க்கிழமைத் தேதியில் ஆளைப் பதிகிறார். செர்வர் அதை நாளைக்கு நடக்கப்போகும் வருகை என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறது. 8 மணி அடித்தவுடன் செர்வருக்கும் செவ்வாய் பிறந்துவிடுகிறது. தூரத்துப் பிரிவுக்குப் போய் 8 மணிக்குப் பிறகு பதிந்தவர்களுக்கு மட்டும் பேர் இருப்பது அதனால்தான்.

நம்பிக்கை வராவிட்டால் விழுந்திருக்கும் பதிவுகளின் ‘கிரியேட்டட்_அட்’ பத்தியைத் தரவுத்தளத்தில் நேராகப் பாருங்கள். அங்கே நேரம் யூடிசியில் இருக்கும். இரவு 10 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில், அதாவது நம் காலை 6 முதல் 8 வரை, இன்றைய தேதிக்கு ஒரு வரிகூட இருக்காது.

திருத்தம் சிறியது. செயலியின் அமைப்பில் நேர மண்டலத்தைக் ‘குவாலா லம்பூர்’ என்று வையுங்கள். ‘டேட்.டுடே’ என்று இருக்கும் இடமெல்லாம் ‘டேட்.கரண்ட்’ ஆக்குங்கள், இது ரெயில்ஸுடையது, நீங்கள் வைத்த மண்டலத்தைப் பார்த்துச் சொல்லும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது. உங்கள் மடிக்கணினி மலேசிய நேரத்தில் இருப்பதால் அங்கே விடியற்காலை எழுந்து சோதித்தாலும் இந்தப் பிழை வராது என்பதையும் நினைவில் வையுங்கள். கன்சோலைத் திறக்கும்போது ‘டிஇசட்’ என்கிற சூழல் மாறியில் யூடிசி என்று கொடுத்துத் திறங்கள். நான் அப்படித் திறந்து காலை ஆறரைக்கு இரண்டு தேதியையும் கேட்டேன். ஒன்று நேற்றைச் சொன்னது, மற்றது இன்றைச் சொன்னது.

இந்த 8 மணி நேரத்துக்கும் ஒரு கதை உண்டு. தீபகற்ப மலேசியாவில் முன்பு நாம் ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தோம். 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். சூரியன் தள்ளிப்போகவில்லை, பெரட்டு மணியும் மாறவில்லை. அரை மணி கூடுதல் இருட்டில் நடந்து போனதாக அம்மா சொல்வார்.

அம்மா இந்த ஊருக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். ஒரு மாதம், பெரட்டில் நின்று, தன் நிரையை வெட்டி முடித்து, பால் ஸ்டோரில் எடையும் போட்ட ஒரு நாளுக்கு, செக்ரோலில் பேர் போடவில்லை. சம்பளத்தன்றுதான் தெரிந்தது. ‘நோட்டில் இல்லை’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. ஒரு நாள் கூலி எங்கள் வீட்டில் அப்போது எத்தனை நாள் அரிசி என்று எனக்குத் தெரியும். ஆகவே தம்பி, சத்தமில்லாமல் திரும்பி வரும் ஒரு ‘ஃபால்ஸ்’ எனக்குச் சின்னப் பிழை இல்லை. விடுபட்ட நாட்களை இன்றே கணக்கெடுக்கத் தொடங்குங்கள். மண்டோரின் கைநோட்டு இருந்தால் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

அந்த 11 கால்பேக்குகளையும் தெரிந்துகொள்வது நல்லது, இன்றைய குற்றவாளி அவை இல்லை என்றாலும். புதிய பதிவு ஒன்று போகும் வழி இது: முதலில் ‘பிஃபோர்_வேலிடேஷன்’, பிறகு சரிபார்ப்புகள், பிறகு ‘ஆஃப்டர்_வேலிடேஷன்’. இது வரை தேறினால்தான் ‘பிஃபோர்_சேவ்’, ‘பிஃபோர்_கிரியேட்’. அதன்பின் தரவுத்தளத்தில் எழுதுவது. எழுதியபின் ‘ஆஃப்டர்_கிரியேட்’, ‘ஆஃப்டர்_சேவ்’. கடைசியில், பரிவர்த்தனை (சேர்ந்தே நிற்கும் அல்லது சேர்ந்தே பின்வாங்கும் மாற்றங்களின் தொகுதி) முடிந்து தரவுத்தளம் உறுதி செய்தபின், ‘ஆஃப்டர்_கமிட்’. மாடல் பெயரோடு ‘_சேவ்_கால்பேக்ஸ்’ என்று கன்சோலில் கேட்டால் சேவுக்குத் தொங்குகிற எல்லாவற்றையும் காட்டும். ஜெம்கள் (வெளியிலிருந்து சேர்த்த நிரல் தொகுப்புகள்) உங்களுக்குத் தெரியாமல் மாட்டிவிட்டவையும் அதில் இருக்கும். ஒரு வேலை எந்தக் கோப்பில் எந்த வரியில் இருக்கிறது என்று ‘சோர்ஸ்_லொக்கேஷன்’ சொல்லும். ஒரு தாளில் வரிசையாக எழுதி மேசை முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். அடுத்து வருபவருக்கும் உதவும்.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் செயலி ரெயில்ஸ் 4.2இல் இருந்தது. படிப்படியாக 7க்குக் கொண்டுவந்தோம். உறுப்பினர் வரம்புக்கு மேல் கடன் கேட்டால் ‘பிஃபோர்_சேவ்’ ஒன்று ஃபால்ஸ் திருப்பித் தடுத்துக்கொண்டிருந்தது. இப்போது 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரம்பு உள்ளவருக்கு 8,000 வெள்ளி பதிவாகிறது. நிரலில் அந்தப் பகுதியை நாங்கள் தொடவே இல்லை. — கூலிம் வாசகர்

பதில்: நீங்கள் தொடவில்லை, ரெயில்ஸ் தொட்டது. 4.2 வரை, ‘பிஃபோர்’ என்று தொடங்கும் கால்பேக் ஃபால்ஸ் திருப்பினால் அதோடு சேமிப்பு நின்றுவிடும். 2016இல் வந்த 5.0 இதைக் கைவிடப்போவதாக எச்சரித்தது, 5.1இல் பழைய நடத்தையை அடியோடு எடுத்துவிட்டார்கள். இப்போது நிறுத்த வேண்டுமானால் ‘த்ரோ :அபார்ட்’ என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 5.0இல் நீங்கள் நின்ற நாட்களில் லாக் கோப்பில் இந்த எச்சரிக்கை வந்துகொண்டே இருந்திருக்கும்.

மாற்றியதற்குக் காரணம் உண்டு. ரூபியில் ஒரு வேலையின் கடைசி வரி எதுவோ அதுதான் அதன் விடை. யாராவது ஒரு கால்பேக்கின் கடைசி வரியில் ‘செயலில் உள்ளவர்: ஃபால்ஸ்’ என்று ஒரு புலத்துக்கு மதிப்பு வைத்தால் போதும், பழைய ரெயில்ஸ் அதை ‘நிறுத்து’ என்று புரிந்துகொண்டு பதிவையே தள்ளிவிடும். பிழைச் செய்தியும் இருக்காது. அப்படி ஒன்றைத் தேடி நான் கோலாலம்பூரில் வேலை செய்த காலத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் நிரலில் ‘ஃபால்ஸ்’ இருந்த இடத்தில் ‘த்ரோ :அபார்ட்’ எழுதி முடித்துவிடாதீர்கள். கடன் வரம்பு ஒரு விதி. விதி இருக்க வேண்டிய இடம் சரிபார்ப்பு. சரிபார்ப்பில் ‘உங்கள் வரம்பு 5,000 வெள்ளி’ என்று காரணம் எழுதலாம். கவுண்டரில் இருக்கும் தங்கச்சி அதைப் படித்து உறுப்பினரிடம் சொல்லலாம். கால்பேக் நிறுத்தினால் அவருக்கும் தெரியாது, எதிரில் நிற்பவருக்கும் தெரியாது.

மேம்படுத்திய நாளிலிருந்து நேற்று வரை நுழைந்த கடன்கள் அப்படியே கிடக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். புதிய சரிபார்ப்பை எழுதியபின் எல்லாக் கடன்களையும் ‘ஃபைண்ட்_ஈச்’ மூலம் தொகுதி தொகுதியாக எடுத்து ‘வேலிட்?’ கேளுங்கள். தேறாதவற்றின் பட்டியலைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். அவற்றை என்ன செய்வது என்பது நிர்வாகக் குழுவின் முடிவு, நிரலரின் முடிவு அல்ல.

கேள்வி: அக்கா, நான் ஆசிரியை. ஆர்வத்தில் ரெயில்ஸ் கற்று, கோயில் உறுப்பினர் பதிவுக்கு ஒரு செயலி எழுதினேன். மூன்று சிக்கல்கள். ஒன்று, இளையவர்கள் பலரின் அடையாள அட்டை எண்ணை ஏற்காமல் ‘நீளம் தவறு’ என்கிறது. இரண்டு, பெயர்களில் இருக்கும் ஏ/எல், ஏ/பி காணாமல் போகிறது. மூன்று, ‘சந்தா கட்டினாரா’ என்பதில் ‘இல்லை’ என்று குறித்தால் ‘காலியாக இருக்கக் கூடாது’ என்று வருகிறது. — பகாவ் வாசகி

பதில்: மூன்றாவதைச் சட்டென்று முடித்துவிடுவோம். ‘பிரசன்ஸ்’ சரிபார்ப்பு ஃபால்ஸையும் வெற்றிடம் என்றே எண்ணும். ஆம்/இல்லை புலத்துக்கு ‘இன்க்ளூஷன்’ போட்டு, ட்ரூ, ஃபால்ஸ் இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

முதலாவது, நம் நாட்டுக்கே உரிய பிழை. அடையாள அட்டை எண் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, ஆண்டு முன்னால் வரும். நீங்கள் அதற்குத் தரவுத்தளத்தில் எண் வகைப் பத்தியைக் கொடுத்திருக்கிறீர்கள். சாதாரண எண் பத்தியில் 12 இலக்கம் அடங்காது என்பதால் பெரிய எண் வகையாக மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1978இல் பிறந்தவருக்கு 78 என்று தொடங்கும், சிக்கல் இல்லை. 2003இல் பிறந்தவருக்கு 03 என்று தொடங்கும். எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள சுழியம் உதிர்ந்து 11 இலக்கமாகும். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பிறந்தவருக்கு மூன்று சுழியம் உதிரும். உங்கள் நீளச் சரிபார்ப்பு சரியாகத்தான் வேலை செய்கிறது. சேமிக்கும் பாத்திரம்தான் தவறு. கூட்டிக் கழிக்காத எண் எதுவும் எண் அல்ல, எழுத்து. அடையாள அட்டை, தொலைபேசி, அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் எழுத்து வகையாக வையுங்கள். சரிபார்ப்பு வருமுன் நுழைந்துவிட்ட குறைந்த எண்களுக்கு, மொத்த நீளம் 12 என்று உறுதியாகத் தெரிவதால், முன்னால் சுழியம் நிரப்பிச் சரிசெய்துவிடலாம்.

சிலர் கோடு போட்டு எழுதுவார்கள், சிலர் போடாமல் எழுதுவார்கள். கோட்டை நீக்குவதைச் சரிபார்ப்புக்கு முன் செய்ய வேண்டும். ‘பிஃபோர்_சேவ்’இல் வைத்தால் அதற்குள் நீளம் 14 என்று சரிபார்ப்பு தள்ளிவிட்டிருக்கும். ‘பிஃபோர்_வேலிடேஷன்’ அதற்கான இடம். ரெயில்ஸ் 7.1 முதல் ‘நார்மலைசஸ்’ என்று இதற்கே ஒன்று வந்திருக்கிறது; கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒரே எண் இருமுறை வராமலிருக்க ‘யூனிக்னஸ்’ சரிபார்ப்பு வைத்திருப்பீர்கள். அதோடு தரவுத்தளத்திலும் தனித்துவக் குறியீட்டெண் (யூனிக் இண்டெக்ஸ்) போடுங்கள். இரண்டு பேர் ஒரே நொடியில் பதிந்தால் இரண்டு சரிபார்ப்பும் ‘இதுவரை யாருமில்லை’ என்று பார்த்துவிட்டு இரண்டையும் உள்ளே விடும். தரவுத்தளம் மட்டும்தான் அங்கே தடுக்க முடியும்.

இரண்டாவதைத்தான் நான் மிகவும் கவலையோடு படித்தேன். எங்கிருந்தோ எடுத்த ஒரு கால்பேக், எழுத்தும் இடைவெளியும் தவிர மற்றதையெல்லாம் பெயரிலிருந்து துடைத்துவிடுகிறது. மகன் என்பதற்கான ஏ/எல், மகள் என்பதற்கான ஏ/பி, இரண்டிலும் உள்ள சாய்கோடு போய் ‘ஏஎல்’, ‘ஏபி’ என்று பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அடையாள அட்டையில் உள்ள பெயரும் உங்கள் பட்டியலில் உள்ள பெயரும் இனி ஒன்றாகாது. அப்பாவின் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாமல் போகும். சரிபார்ப்பு மறுத்தாலாவது ஒருவர் வந்து கேட்பார். கால்பேக் கேட்காமல் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. ஓரத்து இடைவெளியை வெட்டுங்கள், இரட்டை இடைவெளியை ஒன்றாக்குங்கள். அதற்கு மேல் ஒருவரின் பெயரில் கால்பேக் கை வைக்கக் கூடாது. அந்த வேலையை நீக்கிவிட்டு, விண்ணப்பப் படிவங்களை எடுத்து வைத்து, இளையோர் குழுவில் இரண்டு பேரை உட்கார வைத்துப் பெயர்களை மறுபடி பாருங்கள். நிரலால் இதை மீட்க முடியாது: ‘ஏஎல்’ என்று இருக்கும் எல்லாமே ஏ/எல் அல்ல.

கேள்வி: நன்கொடை பதிவானதும் ரசீதுக் குறுஞ்செய்தி போகும்படி ‘ஆஃப்டர்_சேவ்’ வைத்தேன். சில நேரம் பின்னணி வேலை ‘பதிவு கிடைக்கவில்லை’ என்று விழுகிறது. ஒருமுறை பதிவே ஆகாத நன்கொடைக்கு ரசீது போய்விட்டது. — தெலுக் இந்தான் வாசகர்

பதில்: எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு தைப்பூச அன்னதான வசூலுக்கு நான் எழுதிய செயலியில், நன்கொடையும் கணக்கு வரியும் ஒரே பரிவர்த்தனையில் போயின. நன்கொடை எழுதப்பட்டவுடன் ரசீது கிளம்பிற்று. கணக்கு வரி பிழையானதால் இரண்டும் பின்வாங்கின. ரசீது பின்வாங்கவில்லை. 51 வெள்ளி கொடுத்த ஒரு பாட்டி ரசீதைக் காட்டினார். கணக்கில் அவர் பெயர் இல்லை. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, அன்றிரவே மாற்றினேன்.

‘ஆஃப்டர்_சேவ்’ ஓடும்போது தரவுத்தளம் இன்னும் உறுதி செய்யவில்லை. பின்னணி வேலை வேறு ஓர் இணைப்பில் ஓடுவதால், அது முந்திக்கொண்டால் அந்தப் பதிவு அதன் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ‘கிடைக்கவில்லை’. செயலிக்கு வெளியே போகும் எதுவானாலும், குறுஞ்செய்தி, மின்னஞ்சல், வேறொரு செர்வருக்குத் தகவல், ‘ஆஃப்டர்_கமிட்’டில்தான் இருக்க வேண்டும்.

அங்கும் ஒரு குழி உண்டு. உருவாக்கும்போதும் மாற்றும்போதும் ஒரே வேலையை ஓட்டலாம் என்று ‘ஆஃப்டர்_கிரியேட்_கமிட்’, ‘ஆஃப்டர்_அப்டேட்_கமிட்’ இரண்டிலும் ஒரே பெயரைக் கொடுத்தால் கடைசியாக எழுதியது மட்டுமே நிற்கும். முதலாவது சத்தமில்லாமல் போய்விடும். இரண்டுக்கும் சேர்த்து ‘ஆஃப்டர்_சேவ்_கமிட்’ என்று ஒரே வரி இருக்கிறது.

கேள்வி: அக்கா, மறுபடியும் தைப்பிங்கிலிருந்து. நீங்கள் தனியாக அனுப்பிய பதில் கிடைத்தவுடன் ‘டேட்.கரண்ட்’ மாற்றினோம். இப்போது காலை 6 மணிக்கும் பதிவாகிறது. மண்டோர் கைநோட்டைக் கொடுத்தார், விடுபட்டவை 214. ‘இன்சர்ட்_ஆல்’ போட்டு ஒரே மூச்சில் ஏற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ‘இன்சர்ட்_ஆல்’ மாடலைத் தாண்டி நேராகத் தரவுத்தளத்துக்குப் போகும். சரிபார்ப்பும் ஓடாது, கால்பேக்கும் ஓடாது. உங்கள் கோப்பில் அன்றைய கூலியைக் கணக்கிடுவது ஒரு ‘பிஃபோர்_சேவ்’. 214 வருகையும் விழும், கூலிப் பத்தி காலியாக இருக்கும். ‘அப்டேட்_ஆல்’, ‘அப்டேட்_காலம்’ ஆகியவையும் இதே போலத்தான். ‘அப்டேட்_அட்ரிபியூட்’ கால்பேக்கை ஓட்டும், ஆனால் சரிபார்ப்பைத் தாண்டிவிடும்; அதையும் இதற்கு எடுக்காதீர்கள்.

214 பெரிய எண்ணிக்கை இல்லை. ஒரு பரிவர்த்தனைக்குள் ஒவ்வொன்றாகச் ‘சேவ்!’ கூப்பிடுங்கள். ஒன்று இடறினாலும் எல்லாம் பின்வாங்கும், எந்த வரி என்று தெரியும், திருத்திவிட்டு மறுபடி ஓட்டலாம். ஓட்டுமுன், வருகை பதிவானதும் தொழிலாளிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் அந்த ‘ஆஃப்டர்_கிரியேட்_கமிட்’டுக்கு, தேதி இன்றையதாக இருந்தால் மட்டும் அனுப்பு என்று நிபந்தனை வையுங்கள். இல்லாவிட்டால் ‘இன்று வேலைக்கு வந்தீர்கள்’ என்று 214 செய்திகள் இரவில் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) போகும்.

ஏற்றியபின் ஆள் வாரியாகப் பட்டியல் எடுத்து, மண்டோரையும் கிராணியையும் சேர்த்து உட்கார வைத்துக் கைநோட்டோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கூலி கையில் சேர வேண்டும். இந்த மாதக் கணக்கு மூட இன்னும் நாள் இருக்கிறது. போன மாதத்தில் விடுபட்டதைத் தனியாகப் பிரித்து, எந்தெந்தத் தேதிக்கான பாக்கி என்று சம்பளச் சீட்டிலேயே அச்சாகும்படி செய்யுங்கள்.